குவாபா மரத்துப் பொன்கழுத்துகள்

அந்த மரத்தை வெட்டியது நான்தான். எங்கள் ஊர் எல் ரெத்தோர்னோவில் இன்றைக்கும் பேச்சு வந்தால் 'மக்லோவியா வெட்டின மரம்' என்றுதான் சொல்கிறார்கள். ரம்பம் என்னுடையது. அதைப் பிடித்த கையும் என்னுடையது. அவள் கயிற்றை மட்டும்தான் பிடித்திருந்தாள். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

என் பெயர் எர்மெல். எங்கள் மலைச்சரிவில் பெட்ரோல் ரம்பம் வைத்திருந்தவன் அப்போது நான் ஒருவன்தான். யார் புதிதாகக் காடு திருத்துவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். மக்லோவியா அக்கா குடும்பத்துக்கு மட்டும் ஐந்து முறை திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

அவளும் அவள் கணவர் ஃப்ளோரெஸ்மிலோ அண்ணனும் காரியமங்கா பக்கத்து வறண்ட மலையிலிருந்து வந்தவர்கள். அங்கே அடுத்தடுத்து மழை பொய்த்து, ஆடுகள் சாக ஆரம்பித்ததும், ஒரு கோவேறு கழுதையும் இரண்டு போர்வையுமாகக் கிளம்பி மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினார்கள். இங்கே மழைக்குப் பஞ்சமே கிடையாது. துவைத்துப் போட்ட சட்டை ஒரு வாரம் ஆனாலும் காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

"அங்க தண்ணிக்கு அழுதோம். இங்க வெயிலுக்கு அழறோம். எப்படியும் அழணும்னு நம்ம தலையில எழுதியிருக்கு, எங்க இருந்து அழுதா என்ன," என்பார் ஃப்ளோரெஸ்மிலோ அண்ணன். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அப்போது அவருக்கு நன்றாகச் சிரிக்க வரும்.

அவர்கள் போட்டது நாரன்ஹீயா. எங்கள் சரிவில் எல்லோரும் போடுவது அதுதான். முள் இலைச் செடி, ஆரஞ்சு நிறத்தில் புளிப்புப் பழம், கசக்கிச் சர்க்கரை போட்டால் சாறு. பட்டணத்துக்காரர்கள் அதை விரும்பிக் குடிக்கிறார்கள். அந்தச் செடியிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. புதிதாக வெட்டிய காட்டு மண்ணில்தான் அது வாழும். இரண்டு வருஷம் காய்த்துத் தள்ளும். மூன்றாவது வருஷம் வேரில் பூச்சி விழுந்து முடிச்சு முடிச்சாக வீங்கும், இலை மஞ்சளாகும், அவ்வளவுதான். அந்த மண்ணில் மறுபடி அது வராது. விவசாயி மேலே இன்னொரு துண்டுக் காட்டைத் திருத்த வேண்டியதுதான். கீழே விட்ட நிலத்தில் புல் மண்டும். இப்படி அவர்கள் ஆற்றங்கரையிலிருந்து படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே வந்தார்கள். குடிசையையும் ஒவ்வொரு முறையும் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நல்ல மண்ணில் நிற்கும்போதுகூட அந்தச் செடிக்கு மருந்து வேண்டும். காய்ப்புழுவுக்கு ஒன்று, இலைக் கருகலுக்கு ஒன்று, வாராவாரம். அண்ணன் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அடிப்பார். டிரம்மில் தண்ணீர் ஊற்றி, மருந்தைக் கொட்டிக் கலக்குவது அக்காவின் வேலை. குச்சியால் கலக்குவாள். அடியில் கட்டி தட்டியிருந்தால் கையை விட்டுக் கரைப்பாள். எல்லா வீட்டிலும் பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். என் மனைவியும் செய்தாள்.

அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. முதலாவது மூன்று மாதத்தில் போயிற்று. இரண்டாவது நாலு மாதத்தில். மூன்றாவது ஏழு மாதம் வரை இருந்து, பிறந்து, அழாமலே போய்விட்டது. அதைத் தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தோம். பெட்டி செய்ய என்னிடமிருந்த பலகையே போதுமானதாக இருந்தது. அத்தனை சின்னது.

அதற்குப் பிறகுதான் அவள் பொன்கழுத்துக் குருவியைப் பார்த்தாள். படுத்தே கிடந்த நாட்கள். ஜன்னலுக்கு எதிரே, திருத்தாமல் விட்ட காட்டின் ஓரத்தில் பெரிய குவாபா மரம் ஒன்று நின்றது. உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்று இனிக்கும் சுளை வைத்த நீளக் காய்கள் தொங்கும் மரம். வெள்ளைக் குஞ்சம் குஞ்சமாகப் பூக்கும். பூத்துவிட்டால் தேனுக்கு மொய்க்கும் குருவிகளைச் சொல்லி மாளாது. அதில் ஒன்று கறுப்புத் தலை, சிவப்புக் கண், பிடரியில் பொன் பட்டை. முதுகு வைக்கோல் நிறம், இறக்கையில் நீலம். வளைந்த சின்ன அலகைப் பூவுக்குள் விட்டு எடுக்கும். பெட்டை வெறும் பச்சைச் சாம்பல், கூடவே வரும். நான் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நின்று பார்த்ததில்லை.

அவள் நின்று பார்த்தாள். அடுப்பில் வாழைக்காய் சூப் பொங்கி வழிந்தாலும் தெரியாது.

"அடியே, அங்க உன் கள்ளப் புருஷன் வந்துட்டானா?" என்று அண்ணன் கேட்பார்.

"வந்துட்டான். உன்னை மாதிரியா, குளிச்சுட்டு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கான்."

"அவன் வந்து செடி நடுவானா?"

"நட மாட்டான். ஆனா பொண்டாட்டியைக் கூட கூட்டிக்கிட்டுதான் சாப்பிடப் போறான். நீ என்னைக்காவது கூட்டிட்டுப் போயிருக்கியா?"

அந்த மரத்தை மட்டும் விட்டுவை என்று அவள் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "மேல ஒரு துண்டு இருக்கட்டும். கடைசியில பாத்துக்கலாம்," என்றார்.

அடுத்த வருஷம் மண் சரிந்து சாலை அடைத்துக்கொண்டது. அந்தப் பக்கமாகப் போன ஜீப் ஒன்று நின்றுவிட்டது. அதிலிருந்த மூன்று பேர் மழைக்கு ஒதுங்க அக்கா வீட்டுக்கு ஏறி வந்தார்கள். ரெபேக்கா என்று குயென்காப் பட்டணத்தைச் சேர்ந்த ஒரு பெண், பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி. கூட இரண்டு வெளிநாட்டுக் கிழவர்கள். அக்கா காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துக்கொண்டே வெளியே பார்த்த ஒரு கிழவர் கோப்பையை அப்படியே கீழே விட்டுவிட்டு மழையில் ஓடினார். குவாபா மரத்தடியில் சேற்றில் உட்கார்ந்து, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதார்.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அண்ணன் என்னிடம் கேட்டார்: "கிழவனுக்கு என்னடா ஆச்சு? பாம்பு கிம்பு கடிச்சிடுச்சா?"

ரெபேக்காதான் சொன்னாள்: "இல்லைங்க. இந்தக் குருவியைப் பார்க்கணும்னு இருபது வருஷமா அலையறார். எங்கேயும் இவ்வளவு கிட்டத்தில வர்றதில்லை. உங்க வீட்டு வாசலுக்கே வருது."

அக்கா அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள். "பாத்தியா," என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. தன் கிறுக்கு கிறுக்கல்ல என்று யாரோ ஊர்பேர் தெரியாதவர் வந்து சொன்ன சந்தோஷம் அது.

பிறகு ரெபேக்கா மாதம் ஒருமுறையாவது ஆட்களைக் கூட்டி வந்தாள். அக்கா கம்பியில் பழுத்த வாழைப்பழம் குத்தி வைத்தாள், சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட்டாள். நான் பலகை அறுத்து இரண்டு பெஞ்சு போட்டுக் கொடுத்தேன். வந்தவர்களுக்கு அவள் வேகவைத்த சோளமும் பாலாடைக்கட்டியும் ஆற்று மீனும் கொடுப்பாள். எந்தக் கிளைக்கு எந்த ஜோடி வரும், எது போன வருஷத்துக் குஞ்சு என்றெல்லாம் சொல்வாள். பதினோரு பொன்கழுத்துகளை அவளால் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள் சொல்லச் சொல்ல, படித்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். அண்ணன்கூட வந்தவர்களிடம், "அதோ வரான் பாருங்க, என் சக்களத்தன்," என்று சொல்லிச் சிரிக்க வைக்கப் பழகிவிட்டார். இரண்டு வருஷம் அந்த வீட்டில் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அந்த இரண்டு வருஷம்தான்.

மூன்றாவது வருஷம், பக்கத்தில் கடைசியாகத் திருத்தியிருந்த துண்டில் கருகல் மோசமாக வந்தது. பழமெல்லாம் கறுத்து உதிர்ந்தது. மருந்துக் கடைக்காரன் சொன்ன அளவில் அடித்தும் கேட்கவில்லை. இரண்டு பங்கு போடு என்றார் அண்ணன். அக்கா போட்டாள். காற்றே இல்லாத காலை. பள்ளத்திலிருந்து பனி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் அடித்த மருந்தையெல்லாம் அந்தப் பனி வாங்கிக்கொண்டு அப்படியே மரங்களுக்குள் போயிற்று. குவாபா அப்போது முழுப் பூவில் இருந்தது.

மறுநாள் ஒரு வேலையாக அங்கே போனேன். அக்கா மரத்தடியில் மண்டியிட்டிருந்தாள். முன்னால் தன் தோள்துணியை விரித்து, அதில் பொறுக்கி வைத்திருந்தாள். ஏழு. நாலு ஆண், மூன்று பெட்டை. ஒரு ஆண் மட்டும் உயிரோடு அவள் உள்ளங்கையில் கிடந்தது. அலகைத் திறந்து திறந்து மூடியது. இலை நுனியில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. சிவப்புக் கண்ணின் மேல் வெள்ளைப் படலம் இறங்கி இறங்கி ஏறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உச்சி வேளைக்கு அதன் மூச்சு நின்றுவிட்டது.

"நான் கலக்கினது தம்பி," என்றாள்.

"அண்ணன் அடிச்சது அக்கா. கருகல் வந்தா யாரும் என்ன செய்ய முடியும்."

"நான் கலக்கினது." கையைத் திருப்பிப் பார்த்தாள். நகங்களெல்லாம் மஞ்சளாகத் தடித்திருந்தன. பிறகு, யாரிடமும் இதுவரை சொல்லாததைச் சொன்னாள். "மூணாவது பிள்ளை போனப்ப சுகாதார நிலையத்தில அந்த நர்சம்மா கேட்டாங்க, நீ என்ன வேலை செய்யறேன்னு. மருந்து கலக்குவேன்னேன். இனிமே அதைத் தொடாதே, வயித்தில இருக்கறது அதனாலதான் போகுதுன்னு சொன்னாங்க. நான் வீட்டில வந்து சொல்லலை."

"ஏன் அக்கா?"

"சொல்லி? அடிக்கிறவனே கலக்கவும் முடியுமா? அப்புறம் சாப்பாடு?" கையிலிருந்த குருவியை மற்றவற்றோடு துணியில் வைத்தாள். "நர்சம்மா சொன்னதை நான் நம்பவும் இல்லை. இவ்வளவு பேர் கலக்கறாங்களே, பிள்ளை பெத்துக்கத்தானே செய்யறாங்கன்னு நெனச்சேன். இப்ப நம்பறேன்."

எனக்கு என் மனைவியின் ஞாபகம் வந்தது. எழுந்து வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மருந்தை நான் கலக்கிக்கொண்டேன். நான் செய்த நல்ல காரியம் என்று சொன்னால் அது ஒன்றுதான், அதையும் அக்காவுக்காகச் செய்யவில்லை.

அவள் அதற்குப் பிறகு டிரம்மைத் தொடவில்லை. காரணத்தை அண்ணனிடம் சொன்னாளா என்று தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் ஒரு வார்த்தையும் கேட்காமல் தானே கலக்கி, தானே அடிக்க ஆரம்பித்தார். அந்த வீட்டில் கேலி நின்றுபோயிற்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வருஷம் திரும்புவதற்குள் அண்ணனின் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. சூப்பைக் கரண்டியில் எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் பாதி சட்டையில் இருக்கும்.

ரெபேக்கா ஆட்களோடு வந்தாள். இரண்டு நாள் காத்திருந்தார்கள். மழைதான் வந்தது. மூன்றாம் நாள் காலை ஒரு பெட்டை வந்து பழத்தைக் கொத்திவிட்டுப் போயிற்று. வந்தவர்கள் மரியாதையாக நன்றி சொல்லிக் கிளம்பினார்கள். ரெபேக்கா மட்டும் போகும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கீழே இன்னொரு இடம் கிடைச்சிருக்கு, அங்கே கொஞ்ச நாள் பார்க்கிறோம்," என்றாள். அக்கா எல்லோருக்கும் வழிக்கு அவித்த சோளம் கட்டிக் கொடுத்தாள். அதன் பிறகு அந்த ஜீப் எங்கள் ஏற்றத்தில் ஏறவில்லை.

அந்த மழைக்காலத்தில் நாரன்ஹீயாச் செடிகள் மஞ்சளாகின. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. மேலே திருத்தாமல் மிச்சமிருந்தது குவாபா நின்ற அந்தத் துண்டுதான். அதற்கு மேலே பாறை.

அண்ணன் வெட்டச் சொல்லவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும், ஊரில் அவரைத்தான் குறை சொல்வார்கள். "அது உன்னோடது. அதை விடு. நான் ஆத்துல போய் மணல் அள்ளறேன்," என்றாராம். அந்தக் கையை வைத்துக்கொண்டு. அக்காதான் என்னிடம் வந்தாள். நான் ரம்பத்தின் சங்கிலியை அரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வரியா தம்பி? மேல் துண்டைத் திருத்தணும்."

"குவாபாவை விட்டுட்டுத்தானே?"

"அது நடுவுல நிக்குது. நிழல் விழுந்தா செடி காய்க்காது. எல்லாந்தான்."

"இன்னொரு தடவை யோசிங்க அக்கா."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். அவர் கரண்டியைப் பிடிக்கறதை நீ பாத்தியா? மண்வெட்டியை எப்படிப் பிடிப்பார்?"

"பூ விட்டிருக்கே. பூ முடியட்டுமே."

"பூ முடிஞ்சா காய். காய் முடிஞ்சா மறுபடி பூ. அந்த மரம் எப்பத்தான் சும்மா இருந்துச்சு?" சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீ வரலைன்னா கோடாலி இருக்கு. எனக்கு நாலு நாள் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்."

போனேன். வழக்கமாக மரம் வெட்டுவதற்கு முன் ஒரு மிடறு கரும்புச் சாராயம் குடிப்பேன். அன்று மூன்று மிடறு குடித்தேன். மரம் வீட்டுப் பக்கம் சாயாமல் இருக்கக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. அக்கா கயிற்றின் நுனியை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அடிமரம் இரண்டு பேர் கைகோத்தால் எட்டுகிற சுற்றளவு. மரம் விழுந்தபோது அதில் தொற்றியிருந்த பாசியும் செடிகொடிகளும் தேங்கிய தண்ணீருமாக எங்கள் மேல் கொட்டியது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற எது?" என்று கேட்டாள். மாலைக்குள் பதினான்கு மரங்கள் விழுந்தன.

கிளை கழிக்க மறுநாள் போனபோது, விழுந்து கிடந்த குவாபாவின் உச்சியில் பூக்கள் இன்னும் வாடவில்லை. ஒரு பொன்கழுத்து ஜோடி அதில் இருந்தது. முன்பு முப்பது அடி உயரத்தில் இருந்த பூ இப்போது முழங்கால் உயரத்தில் கிடந்தது. அவை அது என்னவென்று கேட்கவில்லை. பூவுக்குப் பூ தாவித் தேன் குடித்துக்கொண்டிருந்தன. அக்கா இரண்டு எட்டுத் தள்ளி ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தாள். அவை தேன் குடிப்பதை அவ்வளவு கிட்டத்தில் அவளும் பார்த்ததில்லை.

"ரம்பத்தைப் போடாதே," என்றாள்.

போடவில்லை. கத்தியால் வேறு பக்கத்துக் கிளைகளைக் கழித்தேன். மூன்று நாள் அவை வந்தன. மூன்று நாளும் அவள் அந்தக் கட்டையில் இருந்தாள். நாலாம் நாள் பூவெல்லாம் பழுப்பாகிச் சுருண்டுவிட்டது. குருவிகள் வரவில்லை. அவள் எழுந்து நாற்றை எடுத்து வந்து, கட்டைகளுக்கு நடுவே குழி தோண்ட ஆரம்பித்தாள்.

அந்தத் துண்டு இரண்டு காய்ப்புக் கொடுத்தது. மருந்தை யார் கலக்கினார்கள் என்று கேட்பீர்கள். அவள்தான். அண்ணனால் டிரம்மின் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. வாயில் துணி கட்டிக்கொண்டு அவளே கலக்கி, அவளே முதுகில் கட்டிக்கொண்டு அடித்தாள். நான் ஒருநாள் பார்க்க நேர்ந்தபோது, "இப்ப வயித்துல ஒண்ணும் இல்லையே தம்பி," என்றாள். அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அதனால்தான் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மூன்றாம் வருஷம் வேர் அழுகியது. அதே வருஷம் ஆகஸ்ட் மாதம், ஊரில் பாதிப் பேர் சிஸ்னே மாதா ஊர்வலத்துக்குப் போயிருந்தபோது, ஃப்ளோரெஸ்மிலோ அண்ணன் இறந்துபோனார். கடைசி மாதங்களில் பேச்சும் குழறிவிட்டது. பெட்டி தூக்க ஆள் குறைவாக இருந்ததால் ஒரு பக்கம் அக்காவே தோள் கொடுத்தாள். நிலம் ஒரு மாட்டுக்காரர் கைக்குப் போயிற்று. இப்போது அங்கே ஆற்றங்கரையிலிருந்து பாறை வரைக்கும் ஒரே புல்.

அவள் லோஹாப் பட்டணத்துக்குப் போய்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். நான் இன்னும் மரம் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அதையும் அவளிடம் மறைக்கவில்லை. வேறு வேலை எனக்குத் தெரியாது.

போன முறை போனபோது பின்கட்டில் தொட்டியருகே நின்றிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது.

"மேல குருவி பாக்க நீ போட்ட பெஞ்சு கிடக்குமே, அது இருக்கா?" என்று கேட்டாள்.

"உளுத்துப்போச்சு அக்கா."

"பலகை நல்ல பலகைன்னு சொன்னியே."

"மழை அப்படி."

"ம்," என்றாள். உள்ளேயிருந்து யாரோ தட்டு கேட்டுக் கத்தினார்கள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அடுக்கியிருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வருவாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். மதிய நேரம், கூட்டம் அதிகமாக இருந்தது. என் பேருந்துக்கும் நேரமாகிவிட்டது.